எதிரியின் பம்பு

போர் செய்யத் தெரிந்த நாடுகள் உலகத்தில் ஏராளம். எதிரியின் பொருளை எதிரியைவிட அக்கறையாகக் காப்பாற்றத் தெரிந்த ஒரே நாடு எங்கள் ஆஸ்திரேலியாதான். வாய்ச் சவடால் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கில் ஜெர்மனியோடு போர் மூண்டபோது, தெற்குக் கரையில் ஒரு துறைமுகத்துச் சுங்க அலுவலகத்தில் நான் குமாஸ்தா. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

போர் வந்த செய்தி, பாவம், எங்கள் துறையில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஜெர்மன் கப்பலுக்கு மட்டும் எட்டவில்லை. காலைப் பலகாரத்தில் கைவைத்திருந்த அதன் கேப்டனை வீரத்துடன் 'கைப்பற்றினோம்'. அவருடைய முட்டை ஆறிப்போனதைத் தவிர வேறு சேதம் இல்லை.

பிறகு விதிகள் வந்தன. அவற்றில் தலையாயது இது: 'எதிரிக்குரிய சரக்கை வெயில், மழை, எலி, திருடர் அண்டாமல் காத்து, கைப்பற்றிய நிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.' படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பெற்றவர்கள்கூட என்னை இப்படிக் காத்ததில்லை.

அந்தக் கப்பலில் ஒரு பம்பு இருந்தது. மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடி ஆழ்கிணற்றுத் தண்ணீரை மேலே கொண்டுவரும் பம்பு. அதை வரவழைத்தவர் ஆகஸ்ட் நொஸ்கே, உள்நாட்டில் ஆடு வளர்ப்பவர். அந்த வருஷம் மழை அடியோடு பொய்த்துவிட்டது. ஏரி குட்டையெல்லாம் வறண்டு, ஆடுகள் ஒவ்வொன்றாய் விழுந்துகொண்டிருந்தன. மனுஷன் எங்கள் மேலதிகாரி மிஸ்டர் பர்டியின் முன்னால் வந்து நின்றார்.

"பம்பு என்னுதுங்க. அப்பவே காசு கட்டியாச்சு. குடுத்துடுங்க, ஆடு சாவுது."

"உங்களுதுன்னு வித்தவன் எழுதிக் குடுக்கணும்."

"வித்தவன் ஜெர்மனியில இருக்கானே?"

"எழுதிக் கேளுங்க."

"சரி, இன்னைக்கே எழுதறேன்."

"எழுதினா எதிரியோட தொடர்பு வச்ச குத்தத்துக்கு உங்களை உள்ள வைப்போம்."

"அப்ப எழுதலைன்னா?"

"பம்பு எதிரியோடது."

நொஸ்கே தொப்பியைக் கழற்றிக் கசக்கினார். "எங்க தாத்தா காலத்துலயே ஜெர்மனிய விட்டு இங்க வந்துட்டோம்ங்க. என் மகன் எர்வின் நம்ம பட்டாளத்துல சேந்து கப்பலேறிட்டான். நான் எப்படிங்க எதிரி?"

"யார் சொன்னா? நீங்க தேசபக்தர். உங்க மகன் மாவீரன். பம்புதான் எதிரி," என்றார் பர்டி கனிவாக.

பம்பு வந்தபோது ஓடும் நிலையில் இருந்தது. ஆகவே ஓடும் நிலையிலேயே வைத்திருப்பது எங்கள் கடமை. வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துறைமுக மேடையில் நிறுத்தி, ஒரு குழாயைக் கடலுக்குள் விட்டு, மறு குழாயையும் கடலுக்குள் விட்டு ஓட்டினோம். கடலை எடுத்துக் கடலிலேயே கொட்டும் அந்தத் திருப்பணியைப் பார்க்கக் கூட்டம் கூடும். 'உப்புத் தண்ணி இரும்பைத் தின்னுடுமே' என்று முணுமுணுத்த ஊழியரை வேறு பிரிவுக்கு மாற்றினோம்.

ஒரு வெள்ளிக்கிழமை நொஸ்கே அதைப் பார்த்துவிட்டார்.

"அடப் பாவிங்களா! சும்மா ஓட்டறதை என் கிணத்துல வச்சு ஓட்டித் தொலைங்களேன்!"

இதில் நியாயம் இருப்பதாகப் பட்டதால் கூட்டம் போட்டோம். தேநீர் மூன்று சுற்று வந்தபின் தீர்மானம் நிறைவேறியது. நொஸ்கேயின் கிணற்றடி 'மன்னரின் கிடங்கு' என அறிவிக்கப்படும். பம்பு அங்கே ஓடலாம். ஆனால் எதிரியின் எந்திரம் இறைத்த தண்ணீர் எதிரியின் தண்ணீர். அதைத் தொட்டியில் நிரப்பி, குழாய்க்கு அரக்கு முத்திரை வைக்க வேண்டும். காவலுக்கு நான்.

"ஏன் தம்பி, கிணறு என்னுது. அதுல ஊறின தண்ணி யாருது?"

"உள்ள இருக்கிற வரைக்கும் உங்களுதுங்க ஐயா. பம்புக்குள்ள பூந்து வந்துட்டா ஜெர்மன்காரனுது."

"அவனுக்குத் தாகம் எடுத்தா வந்து குடிச்சுக்கட்டும். என் ஆட்டுக்கு இப்பவே எடுக்குது!"

ஆடுகளுக்கு விதி தெரியாது. தண்ணீர் வாசனை பிடித்து மந்தை முழுக்க வந்து தொட்டியை நெருக்கியது. ஒரு கிழட்டுப் பெண்ணாடு குழாயை முட்டியது. அரக்கு சிதறியது. "மன்னரின் பெயரால் விலகுங்கள்!" என்று கத்தினேன். ஒன்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் தலை தூக்கின. நொஸ்கே சுவரில் சாய்ந்து அழுதார். இனி ஆடும் போச்சு, தானும் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான் என்று நினைத்திருப்பார்.

அவசரக் கூட்டத்தில் பர்டி சட்டப்புத்தகத்தைத் தட்டினார். "சரக்கு எந்தப் பீப்பாயில இருக்கோ, அந்தப் பீப்பாயும் சரக்குதான். எதிரியோட தண்ணி இப்ப ஆட்டுக்குள்ள இருக்கு. ஆகவே ஆடு ஒவ்வொண்ணும் ஒரு பீப்பாய்!"

கைதட்டினோம். ஆடுகள் கைப்பற்றப்பட்டன. அதற்குமேல் விதி தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. கைப்பற்றிய நிலை என்பது வயிறு நிறைந்த நிலை. எனவே தினமும் தண்ணீர், ரயிலில் வைக்கோல், வெயிலுக்குக் கொட்டகை, மாதம் ஒரு வைத்தியர், எலிக்கு இரண்டு பூனை. மன்னர் செலவில் ஆடுகள் கொழுத்தன.

அடுத்த வாரமே பக்கத்துப் பண்ணை மக்காஸ்லன், கையில் நம் கொடியோடு அலுவலகத்துக்கு ஓடிவந்தார். அவருடைய விசுவாசமுள்ள ஆடுகள் பாதி செத்துவிட்டன.

"என்னையும் எதிரின்னு எழுதிக்கோங்க சார்!"

"நீங்க ஸ்காட்லாந்துக்காரர் ஆச்சே?"

"அது என் தப்பா சார்? கொஞ்சம் பார்த்து செய்யுங்க!"

அவருக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. விசுவாசிகளுக்கு எங்களிடம் விதி இல்லை என்று பர்டி வருத்தத்துடன் கதவைச் சாத்தினார்.

இரண்டு வருஷம் கழித்து நொஸ்கே மறுபடி வந்தார். ஆடுகள் நலமா என்று விசாரித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"எர்வின் எழுதியிருக்கான் தம்பி. போர்முனையில பதுங்குற பள்ளத்துல முழங்கால் தண்ணியில நிக்கறானாம். பூட்ஸ் கிழிஞ்சு போச்சாம். எலி காலைக் கடிக்குதாம். அவனும் ஜெர்மன் ரத்தம்தானே? அவனையும் எதிரிச் சரக்குல சேத்துடுங்க. வெயில், மழை, எலி அண்டாம பாத்துப்பீங்க."

விதிப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். நம்முடைய பிள்ளைகளைக் கைப்பற்றிய நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி அதில் இல்லை.