பிதாவின் தலையில் பூப்போட்ட துணி

லுப்லியானா மடத்திலிருக்கும் அக்கா சிஸ்டர் லியோனிதாவுக்கு, தம்பி காஷ்பர் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் மகள் உர்ஷாவும் பசுவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். மூவரில் பசு கொஞ்சம் கூடுதல் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

விஷயம் இதுதான். மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு வீடு மந்திரிக்க செவெரின் சாமியார் வந்தார். என் வீட்டுக்காரி வீதா போய்ச் சேர்ந்தபின் வரும் முதல் மந்திரிப்பு, பொம்பளை இல்லாத வீடு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று தரையைத் தேய்த்து, வால்நட் ரொட்டி சுட்டு, கருகிய இடத்தைச் சர்க்கரை தூவி மறைத்து, கோழிகளை விரட்டி எல்லாம் செய்தேன், மேலே மட்டும் பார்க்கவில்லை. சாமியார் வாசல் நிலையில் மூன்று ராஜாக்களின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சுண்ணக்கட்டியால் எழுதிவிட்டு உள்ளே வந்து, சாப்பாட்டு மேசைக்கு மேல் மூலையிலிருக்கும் சாமிப்படங்களைப் பார்த்துச் சிலுவை போடக் கையைத் தூக்கினார். கை நெற்றியிலேயே நின்றுவிட்டது. வெள்ளைத் தாடியோடு மேகத்தில் உட்கார்ந்திருக்கும் பிதாவாகிய கடவுளின் படத்துக்கு, வீதாவின் சிவப்புப் பூப்போட்ட தலைத்துணியை, அவள் கடைசியாகக் கழற்றிவைத்த முடிச்சோடு அப்படியே மாட்டியிருந்தாள் உர்ஷா. எடுக்கலாமென்று பெஞ்சில் ஏறினேன், பெஞ்சு சாய்ந்தது, நான் சாமியார் மேல், சாமியார் ரொட்டி மேல், தூபக்கால் பூனை மேல். பூனையை இன்னும் காணோம்.

சாமியார் அங்கியிலிருந்த சர்க்கரையைத் தட்டிக்கொண்டே, மே மாதம் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப்போகிற பிள்ளை ஜெபம் சொல்லட்டும் என்றார். இவள் கைகூப்பி, "பரலோகத்தில் இருக்கிற எங்கள் அம்மாவே" என்று ஆரம்பித்தாள்.  பிதாவே என்றுதானே பாடம் என்று அவர் கேட்க, நிதானமாகச் சொன்னாள்:

"அப்பா எனக்கு இருக்காரு சாமி. அம்மாதான் இல்ல. இல்லாததைத்தானே கடவுள்கிட்ட கேக்கணும்?"

சாமியார் தூபக்காலை எடுத்துக்கொண்டார். பிறகு, தாய்க்கோழி குஞ்சுகளை இறக்கைக்குள் சேர்ப்பதுபோல் உங்களைச் சேர்க்க ஆசைப்பட்டேன் என்று வேதாகமத்தில் ஆண்டவரே சொன்னதுண்டு, ஆகவே பாவமில்லை, ஆனால் கோயிலில் ஊர் முன்னால் பாடப்படி சொல்லாவிட்டால் புதுநன்மை அடுத்த வருஷம்தான் என்று சொல்லிப் போனார். அதற்கென்று வீதா தைத்துவைத்த வெள்ளை உடை பெட்டியில் இருக்கிறது அக்கா. அடுத்த வருஷம் அது பிள்ளைக்குப் பத்தாது.

ஆகவே நீங்கள் அவளுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதுங்கள், கடவுள் தகப்பன்தான், அந்தத் துணி அவருக்குச் சரிவராது என்று. நான் சொல்லப்போனால், பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் வெளியே போய்விடுகிறேன். துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன். துவைக்கவில்லை, வீதாவின் வாசனை போய்விடும்.

மடத்தார் அனைவருக்கும் எங்கள் வணக்கம். உங்கள் ஜெபத்தில் எங்களையும், முடிந்தால் பூனையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி காஷ்பர்

பி.கு.: அவளுக்குக் கடிதம் எழுத வேண்டாம். உறையை ஒட்டப்போகும்போது உர்ஷா வந்து வெறும் படத்தைப் பார்த்தாள், ராத்திரி சாப்பிடவில்லை. நானே பெஞ்சில் ஏறித் துணியைத் திரும்பக் கட்டிவிட்டேன். கோயிலில் பிதா, வீட்டில் அம்மா என்று நானும் அவளும் பேசி முடிவுசெய்துகொண்டோம். இப்போது கவலை வேறு. வீதாவின் முடிச்சை நான் அவிழ்த்துத் தொலைத்தேனா, எனக்கு அது வரவில்லை, துணி நழுவிக் கடவுளின் கண்ணை மறைக்கிறது. "கண்ணை மறைச்சா அம்மாவுக்கு நம்மளத் தெரியாதேப்பா" என்கிறாள். மடத்துக்குப் போகுமுன் நீங்களும் அப்படித்தானே கட்டுவீர்கள்? அந்த முடிச்சு எப்படிப் போடுவதென்று மட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.