கொசு கடிக்காத பேன்ட்

இனிமே பொண்டாட்டிகிட்ட பர்மிஷன் கேக்கறதில்ல, தகவல் மட்டும்தான் சொல்றதுன்னு பவர் ஒரு முடிவுக்கு வந்தாரு. முடிவெடுத்த இடம் பாத்ரூம். உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. குழாயும் திறந்திருந்துச்சு. முடிவெடுக்கிற சத்தம் வெளிய கேக்கக் கூடாதில்ல?

பவர்ங்கிறது பட்டப்பேரு. கண்ணாடிக் கடையில வேலை. வர்றவங்க கண்ணைப் பாத்து இவ்வளவு பவர், அவ்வளவு பவர்னு சொல்றவரு. வீட்டுல அவருக்கு எவ்வளவு பவர்னு இதுவரைக்கும் யாரும் டெஸ்ட் பண்ணினதில்ல. பண்ணினா மிஷின் முள்ளு எழுந்திருக்காது.

வீட்டம்மா டிரைவிங் ஸ்கூல்ல சொல்லிக்குடுக்கிறாங்க. தெருவே மேடம்னுதான் கூப்பிடும். அந்த மாதிரி கார்ல சொல்லிக்குடுக்கிறவங்க காலுக்கடியிலயும் ஒரு பிரேக் இருக்கும் பாருங்க, அதுல ஒண்ணு வீட்டுலயும் இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. பவர் ஆசை ஆசையா ஒரு யோசனையைக் கிளப்பி, ரெண்டாவது கியர் போடும்போது டக்குனு நிக்கும்.

இப்போதைய யோசனை ஏரிக்கரை. கடையில கூட வேலை பாக்கிற தாடியும் அவரும் கூடாரம் போட்டு ரெண்டு நாள் தங்கணும். மீன் பிடிக்கப் போறோம்னு பேரு. நிஜத்துல பவருக்கு மீனும் வேண்டாம், தூண்டிலும் வேண்டாம். தூக்கத்துல புரண்டு படுத்தாக்கூட "பின்னாடி பாத்துட்டுத் திரும்புங்க"ன்னு சொல்ல ஆள் இல்லாம ரெண்டு நாள். அது போதும் மனுஷனுக்கு.

குழாயை மூடினாரு. வெளிய வந்தாரு. நெஞ்சை நிமித்தினாரு.

"நான் ஏரிக்கு..."

"போகக் கூடாது."

"நான் தகவல்தான் சொல்றேன்."

"நானும் தகவல்தான் சொல்றேன்."

"ஏம்மா?"

"போன தடவை போயிட்டு வந்தப்போ உங்க முதுகு எப்படி இருந்துச்சு? ஒரு வாரம் களிம்பு பூசினேன், சுவத்துக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி. நீங்க சொறிஞ்ச சத்தத்துல யாரோ கதவைப் பிறாண்டறாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் தடியோட வந்துட்டாரு."

"அதுக்குத்தான் இந்தத் தடவை வழி வச்சிருக்கேன். துணியிலயே மருந்தை ஏத்திடறது. கொசு வந்து உக்காரும். உக்காந்த உடனே தலை சுத்திக் கீழ விழுந்துடும்."

மேடம் கையில இருந்த சாவிக்கொத்தைக் கீழ வச்சாங்க. பவர் அதைக் கவனிச்சிருக்கணும். மேடத்துக்கு ஒரு விஷயத்துல ஆர்வம் வந்துட்டா அதோட அடிவேர் வரைக்கும் போவாங்க. தைலப் பாட்டில்ல 'நன்கு குலுக்கவும்'னு போட்டிருந்தா, எத்தனை குலுக்குன்னு கேட்டு கம்பெனிக்கு போன் பண்றவங்க.

"கடிக்கவே இல்ல, அதுக்குள்ள எப்படி விழும்?"

"கால் வழியா ஏறுமாம்."

"கொசு கால் வழியாவா?"

"ஆமா. ஆறு கால் இருக்கில்ல."

"சட்டைக்குள்ள நம்ம தோல்ல பட்டா?"

"தோலுக்கில்ல, துணிக்கு மட்டும்தான். காஞ்சதுக்கப்புறம்தான் போட்டுக்கணும்."

"துவைச்சா போயிடாதா?"

"அஞ்சாறு தடவை துவைக்கிற வரைக்கும் தாங்குமாம்."

"அட! அப்போ நானும் ஏரிக்கு வரட்டா?"

பவருக்கு வயித்துல ஒரு கொசு கடிச்சுது.

"ஐயோ, மருந்து ஒரு செட்டு துணிக்குத்தாம்மா வரும்."

"அப்படியா?"ன்னாங்க மேடம். "சரி. முதல்ல வேலை செய்யுதான்னு நம்ம கொல்லையில உக்காந்து காட்டுங்க. ஒரு கடி விழுந்தாலும் ஏரி கிடையாது."

மறுநாளே பவர் கடைக்குப் போனாரு. மருந்து ஏத்தின சட்டைன்னே ரெடிமேடா ஒண்ணு தொங்குச்சு. விலையைப் பாத்தாரு. அந்தக் காசுக்கு ஊர்க்கொசு மொத்தத்தையும் வேற ஊருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பிடலாம். பக்கத்துல தெளிக்கிற டப்பா. அது அவர் ஒரு காலுக்கே பத்தாது.

"கைக்கு அடக்கமா ஒண்ணும் இல்லையா?"

கடைக்காரர் ஒரு குட்டி பாட்டிலை எடுத்து வச்சாரு. "இது கெட்டி மருந்து. தண்ணி கலந்து வீட்டுலயே நனைச்சுக்குங்க, செலவு கால்வாசிதான். துணிக்குன்னே செஞ்சது. ஆடு மாட்டுக்கு அடிக்கிறது மலிவா கிடைக்குதேன்னு அதை வாங்கி நனைச்சுடாதீங்க. கையுறை போட்டுக்குங்க. காத்தோட்டமா நிழல்ல காயப்போடுங்க. அளவு லேபிள்ல இருக்கு, அதைக் குறைச்சா பிரயோஜனம் இல்ல."

கடைசி வாக்கியம் பவர் காதுல விழல. அவர் வேற கணக்குல இருந்தாரு. இந்த ஒரு பாட்டிலை வச்சே ஆயுசு முழுக்க ஏரிக்குப் போயிடறதுன்னு.

கூடவே பேன்ட்டும் வாங்கினாரு. ஒண்ணு வாங்கினா ஒண்ணு சும்மா. சும்மா குடுத்ததுக்கும் காசு குடுத்ததுக்கும் நூலளவு வித்தியாசம் கிடையாது. ரெண்டும் அவ்வளவு மெல்லிசு, வெயில்ல பிடிச்சா அடுத்த தெரு தெரியும்.

கொல்லையில பக்கெட் வச்சு வேலை ஆரம்பிச்சுது. பவர் கையுறை மாட்டிக்கிட்டாரு. மேடம் ஸ்டூல் போட்டு உக்காந்து லேபிளை சத்தமா படிச்சாங்க.

"பூனைக்கு ஆகாதாம். ஈரம் காயுற வரைக்கும் பக்கத்துல விடக் கூடாதாம். சூ! போ அந்தாண்ட! மீனுக்கும் ஆகாதாம், மிச்சத் தண்ணியை வாய்க்கால்ல ஊத்தக் கூடாதாம். மீன் பிடிக்கப் போறவர் நீங்க, அதைக் கேட்டுக்குங்க. என்னங்க, இதுல நாலு செட்டு நனைக்கலாம்னு போட்டிருக்கே?"

"அது ஒல்லியா இருக்கிறவங்க கணக்கு."

"எத்தனை மூடி ஊத்தணும்னு போட்டிருக்கு, பாத்தீங்களா?"

"பாத்தேன் பாத்தேன்."

மேடம் பூனையை விரட்ட எழுந்தாங்க. அந்த நேரம் பாத்து பவர் ஒரே ஒரு மூடி ஊத்தினாரு. அதுவும் முழு மூடி இல்ல. பக்கெட்டுக்கு மருந்தோட போட்டோவைக் காட்டின மாதிரி. பாட்டிலைத் திருகி, ரிப்பேராகி மூலையில நிக்கிற ஸ்கூட்டர் பெட்டிக்குள்ள பதுக்கினாரு. சட்டை, பேன்ட், சாக்ஸ் எல்லாத்தையும் முக்கிக் கொடியில போட்டுட்டு, சீட்டி அடிச்சுக்கிட்டே பஸ் பிடிச்சுக் கடைக்குப் போனாரு.

ரெண்டு நாள் கழிச்சு, பொழுது சாயுற நேரம். கொல்லையில ரெண்டு நாற்காலி. சுத்தி முட்டளவு புல்லு, பக்கத்துல தண்ணித் தொட்டி. அந்தப் பேட்டையோட கொசு எல்லாம் அங்கதான் கூட்டம் போடும்.

"இந்தாங்க, மடிச்சு வச்சிருக்கேன்"னு மேடம் சட்டை, பேன்ட், சாக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. மூஞ்சிக்கும் கழுத்துக்கும் கைக்கும் அவங்களே கொசுக் களிம்பு தடவிவிட்டு, தாங்களும் தடவிக்கிட்டாங்க. "இது தோலுக்கு. துணிக்குள்ள என்ன நடக்குதுங்கிறதுதான் இப்போ கேள்வி. உக்காருங்க."

அவங்களும் டிரைவிங் ஸ்கூல் யூனிஃபார்மோட பக்கத்து நாற்காலியில உக்காந்தாங்க.

முதல் கடி வலது தொடையில விழுந்துச்சு.

பவருக்குப் பகீர்னுச்சு. மருந்தைக் குறைச்சது தப்பாப் போச்சோ? ரெண்டாவது கடி முட்டிக்குப் பின்னாடி. மூணாவது, உக்காந்த இடத்துலயே, நாற்காலிப் பின்னலுக்கு அடியில இருந்து. அதுக்கப்புறம் எண்ண முடியல. பந்தி நடந்துச்சு.

"கடிக்குதாங்க?"

"சேச்சே!"

"ஏன் கண்ணுல தண்ணி?"

"சந்தோஷம்மா. விஞ்ஞானம் எங்கேயோ போயிடுச்சு."

"கால் ஏன் ஆடுது? கிளட்ச் மிதிக்கிறீங்களா?"

"மனசுக்குள்ள ஒரு பாட்டு. அதுக்குத் தாளம்."

"பாட்டு ரொம்ப வேகமா போகுது போலிருக்கே."

முதுகை நாற்காலியில மெதுவா தேச்சாரு. நாற்காலி கிரீச்னுச்சு. நிறுத்திட்டாரு. ரெண்டு முட்டியையும் ஒண்ணோட ஒண்ணு உரசினாரு. நெருப்புப் பத்தாத குறை. ஏரியை நினைச்சாரு. கூடாரத்தை நினைச்சாரு. யாரும் பின்னாடி பாக்கச் சொல்லாத அந்த ரெண்டு நாளை நினைச்சுப் பல்லைக் கடிச்சாரு. எல்லாரும் அவரைக் கடிக்கும்போது அவர் கடிக்கறதுக்கு பல்லுதான் இருந்துச்சு.

ஒரு விஷயம் மட்டும் அவருக்குப் புரியல. பக்கத்துல மேடம் அசையாம உக்காந்திருக்காங்க. அவங்க மேல ஒண்ணுகூடப் போகல. சரிதான், அதுங்களுக்கும் பயம் இருக்கும்னு நினைச்சுக்கிட்டாரு.

"கடைசியா கேக்கறேன். ஒண்ணுகூடக் கடிக்கல?"

"சத்தியமா ஒண்ணுகூட இல்ல."

மேடம் எழுந்து கொல்லை விளக்கைப் போட்டாங்க.

"ஆச்சரியமா இருக்குங்க. நீங்க போட்டிருக்கிறது சும்மா குடுத்த பேன்ட். சட்டையும் சாக்ஸும் அதே நிறத்துல பீரோவுல இருந்து எடுத்தது. எதுலயும் மருந்து சொட்டுக்கூடப் படல."

பவரோட முட்டி உரசறதை நிறுத்திடுச்சு.

"ஸ்கூட்டர் பெட்டியில பாட்டில் இருந்துச்சு. நீங்க ஊத்தின மூடியைப் பாத்தேன், மனசு கேக்கல. உங்க துணியை லேபிள்ல இருக்கிற அளவுப்படி மறுபடி நனைச்சேன். இதோ, என் யூனிஃபார்மையும் நனைச்சேன். ஒண்ணுகூடக் கிட்ட வரல பாருங்க. அருமையான மருந்து!"

"அப்போ என் துணி எங்கம்மா? கொண்டா, அதைப் போட்டுக்கிட்டு..."

"உங்களுக்கு எதுக்குங்க? மருந்தில்லாமலே கடிக்காத உடம்பு. அதைத் தாடித் தம்பிக்குக் குடுத்துட்டேன், அளவு கச்சிதமா இருக்காம். தாடி வீட்டம்மாவும் ஏரி பாத்ததே இல்லையாம். அவங்க துணிக்கும் கூடாரத்துக்கும் சேத்து பாட்டில் சரியாப் போச்சு. நாலு பேரும் போறோம். நான்தான் வண்டி ஓட்டறேன்."

பவர் குரலை இறக்கினாரு. "ஏம்மா... யோசிச்சுப் பாத்தா, ஒண்ணு ரெண்டு கடிச்சிருக்குமோன்னு..."

"கடிச்சுதா?" மேடம் குரல் மாறிச்சு. "சத்தியம் பண்ணீங்களே? ஒரு கடி விழுந்தாலும் ஏரி கிடையாதுன்னு சொன்னேன். அப்போ நீங்க வீட்டுல இருங்க, நாங்க மூணு பேரும்..."

"கடிக்கல! கடிக்கல! ஒண்ணுகூடக் கடிக்கல!"

ஏரிக்கரை அழகாத்தான் இருந்துச்சு. தண்ணியில செவப்பா சூரியன் இறங்குச்சு. கூடார வாசல்ல ரெண்டு பொம்பளைங்களும் கால் நீட்டி உக்காந்து கதை பேசினாங்க. தாடி, பவரோட சட்டையில ஜம்முனு தூண்டில் போட்டுக்கிட்டிருந்தாரு. பவர் கொஞ்சம் தள்ளி ஒரு கல்லு மேல. அவர் தலைக்கு மேல புகை மாதிரி ஒண்ணு சுத்திச்சு. அது புகை இல்ல. மூஞ்சிக்கும் கைக்கும் களிம்பு குடுத்திருந்தாங்க, அந்த அளவுக்கு நல்ல மனசு. மிச்ச உடம்பு பொது விருந்து. சொறிய முடியாது. மேடம் பாத்துக்கிட்டே இருக்காங்க.

பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, எழுந்து மெதுவா கூடாரத்துப் பக்கம் ஒரு எட்டு வச்சாரு.

"என்னங்க, நீங்க அங்கயே உக்காருங்க"ன்னாங்க மேடம். "நீங்க அங்க இருக்கிற வரைக்கும் இங்க ஒண்ணுகூட வராது."