புல்வெளிக்கு வெள்ளையடித்துத் தருவேன்

எதிரில் நிற்பவரிடம் ‘முடியாதுங்க’ என்று சொல்லத் தைரியம் இல்லாதவர்கள்தான் ஒப்பந்தப் பத்திரம் தேடி ஓடுகிறார்கள் என்பது என் கட்சி. சாட்சி, நானேதான்.

தேயிலை ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, குன்னூர் பங்களாக்களில் புல்வெளி பராமரிக்கும் தொழிலில் இறங்கிய புதிது. (முதலாளி, தொழிலாளி, மிஷின் தள்ளுபவன் எல்லாம் நான்தான்.) புல் வெட்டத்தான் போவேன். போன இடத்தில் தண்ணீர்த் தொட்டி கழுவுவேன், பல்பு மாட்டுவேன். ஒரு பங்களாவில், டாக்டர் ஊசி போடுவதற்காக நாயைக்கூடப் பிடித்துக் கொடுத்தேன். அது திமிறிய வேகத்தில் அந்த ஊசியிலிருந்து நான் மயிரிழையில் தப்பினேன்.

“ஏனுங்க, என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம்னு நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கோங்க” என்றாள் என் மனைவி சுமதி.

நாலு வரியா? தொழிலதிபருக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? எங்கள் வாடகைப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ‘வீடு’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘புல்வெளி’ என்றும், ‘வாடகைதாரர்’ என்பதை ‘ஒப்பந்தக்காரர்’ என்றும் மாற்றித் தட்டச்சு செய்தேன். ஆறு பக்கம்! ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. (பார்க்கவே அவ்வளவு அழகாக இருந்தது.)

என் வாடிக்கையாளர்களில் பெரிய புல்வெளி சாரதா டீச்சருடையது. ஓய்வு பெற்ற தமிழாசிரியை. அவர் சரி என்றால் அந்தத் தெருவே சரி என்னும். அவர் முகம் சுளித்தால் நான் மறுபடி ஃபேக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். கையெழுத்துப் போடும் நாளில், என்னிடம் புல் வெட்டிக்கொள்ளும் பக்கத்து பங்களாக்காரர்கள் ஐந்து பேரையும் டீச்சரே டீ குடிக்க அழைத்திருந்தார். என் பெருமையைப் பார்க்கட்டும் என்று சுமதியையும் கூட்டிப் போனேன்.

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் உரக்கப் படித்தார்.

“‘ஒப்பந்தக்காரர் மேற்படி புல்வெளியில் தம் குடும்பத்துடன் மட்டுமே குடியிருக்க வேண்டும்.’” நிறுத்தி, சுமதியைப் பார்த்தார். “எப்பம்மா குடி வர்றீங்க?”

எனக்குக் காது இரண்டும் சூடேறின.

“‘புல்வெளியின் கூரை ஒழுகினால் உரிமையாளரே பழுது பார்க்க வேண்டும்.’ ஏனுங்க தம்பி, மூணு மாசமா மழை ஊத்துது, ஒரு வார்த்தை சொல்லலையே?”

யாருக்கோ டீ புரையேறியது.

“குடுங்க டீச்சர், திருத்திக் கொண்டாறேனுங்க” என்று கையை நீட்டினேன். அவர் பத்திரத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“இருங்க, முக்கியமானது இனித்தான் வருது. ‘காலி செய்யும்போது புல்வெளிக்கு வெள்ளையடித்து ஒப்படைக்க வேண்டும்.’”

எழுந்த சிரிப்பில், எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் என் தர்மபத்தினிதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடைசித் தாளை வாங்கித் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள்: மாதம் இரண்டு முறை புல் வெட்டுவோம். களை எடுப்போம். மழை பெய்தால் மறுநாள் வருவோம். வேறு வேலை செய்ய மாட்டோம், நாய் பிடிப்பது உட்பட.

“ஒரு பிழையும் இல்ல” என்று டீச்சர் முதல் கையெழுத்தைப் போட்டார்.

நாய்க்குச் சொந்தக்காரர் மட்டும் தயங்கினார். “அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துரலாமுங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சுமதி சொன்னாள், “ஆகாதுங்க.”

அவரும் போட்டார். இன்றுவரை அந்த நாலு வரிதான் எங்கள் ஒப்பந்தம். ஆறு பங்களா இருபதாகிவிட்டது. ஆனால் வெட்டி முடித்த அசதியில் நான் எங்காவது புல்லில் சற்றே சாய்ந்துவிட்டால் போதும், சுமதி வந்து நின்று கேட்பாள்:

“ஏனுங்க, வாடகைக்கா, ஒத்திக்கா?”