ட்ராக் குறைப்பில் ஒரு மாபெரும் சாதனை

கணினி உலகம் இதுவரை கண்ட முன்னேற்றங்களை எல்லாம் தராசின் ஒரு தட்டிலும், நாமக்கல்லுக்கு வெளியே அமைந்துள்ள எங்கள் உறைவிடப் பள்ளி ஒரே பிற்பகலில் நிகழ்த்திய சாதனையை மறு தட்டிலும் வைத்தால், முதல் தட்டு மேலே போய் விட்டத்தில் இடிக்கும். பள்ளியின் 'ஊடகப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்' என்ற முறையில் இதைப் பதிவுசெய்வது என் கடமை.

ஆண்டு விழாவுக்கு ஒரு படம் தயாராகிக்கொண்டிருந்தது. பல கேமராக்களில் எடுத்த காட்சிகள். மாணவிகள் தனித்தனி மைக்கில் பாடிய சேர்ந்திசை. அதற்கு மேல் தாளாளர் குமாரசாமி ஐயாவின் உரை. எடிட்டர் ரஞ்சனி ஓடவிட்டால் படம் கொஞ்சம் நகரும், நிற்கும், யோசிக்கும். "நம் பிள்ளைகள்... பிள்ளைகள்... பிள்ளைகள்..." என்று ஐயாவின் உரை விக்கியது. ஐயா விக்கலாமா? உடனே 'கணினித் திறன் மேம்பாட்டு உயர்மட்டக் குழு' கூடியது. முட்டை போண்டாவும் வந்தது.

"இதுக்கு என்னம்மா வேணும்?" என்றார் ஐயா.

"ரேம் கொஞ்சம் ஏத்தணுங்க. அதுவரைக்கும் வீடியோவைச் சின்ன சைஸ்ல நகல் எடுத்து வேலை செய்யலாங்க. முக்கியமா, ஹாஸ்டல் கண்காணிப்புக் கேமரா எல்லாம் இதே கம்ப்யூட்டர்லதான் ஓடுதுங்க. அதை நிறுத்துனாலே பாதி தேறிக்கும்."

"அதெப்படி நிறுத்தறது? புள்ளைங்களைப் பாக்க வேண்டாமா?"

ஐயாவின் பிள்ளைப்பாசம் கண்டு குழு நெகிழ்ந்தது. அவர் திரையைக் கூர்ந்து நோக்கினார். 'ட்ராக்' எனப்படும் வண்ணவண்ணப் பட்டைகள் அடுக்கடுக்காக நின்றன.

"இதெல்லாம் என்ன?"

"ஒவ்வொரு புள்ளையோட குரலுங்க. இந்தப் பச்சை கயல்விழிங்க, எட்டாவது படிக்குது. ஒரு சரணம் தனியாப் பாடியிருக்குது. கேக்கறீங்களா?"

"எங்குரல் எது?"

"மேல இருக்குதுங்க."

"அப்பக் கீழ இருக்கறதை எல்லாம் எடுத்துடு. லோடு எறக்குனா லாரி ஓடாதா?"

"லாரியே லோடுக்குத்தானுங்களே, ஐயா!"

இக்கருத்தைக் குழு பதிவுசெய்யவில்லை.

ரஞ்சனி ஹெட்போனைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். "நீங்களே அழிச்சுக்குங்க சார்."

அந்தப் பெருமை எனக்கு வாய்த்தது. ஒவ்வொரு பட்டையாக நீக்கினேன். கடைசியாகப் பச்சை. கம்ப்யூட்டர் மூச்சுவிட்டது, படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஐயா விக்கவே இல்லை. ரஞ்சனி வெளியே போய் நின்றுகொண்டாள். போண்டாவைத் தொடக்கூட இல்லை.

விழாவில் படம் அமோக வெற்றி. பிள்ளைகள் வாயசைத்தார்கள், ஐயா பேசினார். கைதட்டல் அடங்கியதும் கயல்விழியின் தாய் வசந்தாமணி என்னிடம் வந்தார். மேச்சேரியில் ஆடு வளர்ப்பவர். மகளின் கையைப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, எம்புள்ள பாடுனது கேக்கவே இல்லீங்களே?"

"அத்தனை புள்ளைங்க குரலையும் போட்டா கம்ப்யூட்டர் தாங்காதுங்கம்மா. நின்னுக்கும்" என்று தொழில்நுட்பத்தை எளிமையாக விளக்கினேன்.

"அது கெடக்குது. நீ இப்பப் பாடு சாமி, அம்மா கேக்கறேன்" என்றார் மகளிடம்.

கயல்விழி கம்பத்தில் இருந்த கண்காணிப்புக் கேமராவை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தாயின் காதோரம் குனிந்து, "மெதுவாப் பேசும்மா, கம்ப்யூட்டர் நின்னுக்கும்" என்றாள்.

என் நெஞ்சு நிமிர்ந்தது. வசந்தாமணி முகத்தில் மட்டும் ஏனோ மகிழ்ச்சி இல்லை. பாடுகிற ஒரு பிள்ளையின் வாயை இவ்வளவு பக்குவமாக மூட ஒரு பள்ளிக்கூடம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைப் பெற்றவர்கள் நினைத்தே பார்ப்பதில்லை.