கொர்மாலுப் பழமும் என் பெரிய மனசும்

இந்த இலையுதிர் காலத்தில் வயிறு முட்டக் கொர்மாலு தின்பது என்று தீர்மானித்தேன். தெஹ்ரானில் ஒரு மனிதன் எடுக்கக்கூடிய தீர்மானங்களில் இது ஒன்றும் பெரிதில்லை. சிலர் புகைப்பதை நிறுத்துகிறார்கள். சிலர் ஊரையே விட்டுப் போகிறார்கள். நான் கேட்டது பழம்.

கொர்மாலு தக்காளியின் பணக்கார அண்ணன் மாதிரி இருக்கும். காயாகக் கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு துவர்ப்பு. பழுத்துவிட்டால் கரண்டியால் அள்ளிச் சாப்பிட வேண்டும், அவ்வளவு குழைவு. எங்கள் முற்றத்தில் ஒரு மரம் நிற்கிறது. அதற்காகத்தான் நாலு மாடிக் கட்டடத்தில் வெயில் எட்டிப் பார்க்காத தரைத்தளத்தை வாங்கினேன். சுவரில் ஈரம், குழாயில் முனகல், மரத்தில் பழம். மூன்றாவதை நினைத்து முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் பழம் என் வாய்க்கு வந்ததில்லை. ஒவ்வோர் ஆண்டும் என் மனைவி பர்வானே பழங்களைத் தட்டுகளில் அடுக்கி மாடி மாடியாக அனுப்புவாள். அனுப்புமுன், உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமா என்று கேட்பாள். எனக்கெதற்கு, அவர்களுக்குக் கொடு என்பேன். கொடுத்துவிடுவாள். உச்சிக்கிளைப் பழங்களை வழக்கப்படி காக்கைகளுக்கு விட்டுவிடுவோம். காக்கையை யாரும் கேட்பதில்லை. அது பாட்டுக்குத் தின்கிறது.

எங்கள் ஊர் உபசாரம் அப்படி. கொடுப்பவன், "எடுத்துக்குங்க, உங்க தகுதிக்கு இது ஒண்ணுமே இல்ல" என்று சொல்ல வேண்டும். வாங்குபவன் மூன்று முறையாவது மறுக்க வேண்டும். டாக்ஸிக்காரரிடம் எவ்வளவு என்று கேட்டால் அவரும், இருக்கட்டும் சார், காசா பெரிசு என்பார். அதை நம்பி இறங்கிப்போன ஒரு வெளியூர்க்காரரைத் துரத்திக்கொண்டு ஒரு டாக்ஸிக்காரர் ஓடியதை நானே பார்த்திருக்கிறேன். பர்வானேயிடம் எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். என் முதல் மறுப்பையே முடிவான மறுப்பாக எடுத்துக்கொள்கிறாள். தொடக்கப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொள்வது தொழில் பழக்கம்.

இலைகள் மஞ்சளடித்ததும் அவளுடைய வகுப்பு வீட்டுக்கே வந்துவிடும். வெள்ளிக்கிழமை என்றால் எனக்கு ஓய்வு, அவளுக்கு ஆய்வு. கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். பைன் காயைத் தண்ணீரில் போட்டால் செதிலை மூடிக்கொள்ளும், கணப்பின் பக்கத்தில் வைத்தால் விரிக்கும் என்று ஒரு வாரம். சினார் இலைமேல் காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்து நரம்பெடுப்பது ஒரு வாரம். வால்நட் ஓட்டில் படகு செய்து, எது முதலில் மூழ்கும் என்று ஒரு வாரம். மாதுளந்தோலைக் கொதிக்கவைத்துச் சாயம் இறக்கிய வாரம் என் வெள்ளைச் சட்டை பழுப்பு மஞ்சளாகிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு அலுவலகம் போனேன். ஒருவர் நிறம் அழகாக இருக்கிறது என்றார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பித்தானில் கை வைத்தேன். நல்ல மனிதர். மூன்று முறை மறுத்தார்.

அந்தச் சட்டையில்தான் எனக்கு யோசனை உதித்தது. அறிவியல் என் சட்டையை எடுத்துக்கொள்ளலாம் என்றால், நான் ஏன் அறிவியலிடமிருந்து பழத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது?

பர்வானேயிடம் போய், இந்த ஆண்டு பிள்ளைகளுக்குப் பழுக்க வைக்கும் சோதனை ஒன்றை நானே நடத்துகிறேன் என்றேன். இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கொர்மாலுக் காய். ஒன்றில் நாலு ஆப்பிளையும் சேர்த்து வைப்பது. ஆப்பிள் விடும் வாயுவில் அந்தப் பெட்டி சீக்கிரம் பழுக்கும், மற்றது கல்லாகவே கிடக்கும். சோதனை கெடாமல் இருக்க இரண்டு பெட்டிகளும் நிலவறைச் சாமான் அறையில் பூட்டிக் கிடக்க வேண்டும். சாவி ஆய்வாளரிடம், அதாவது என்னிடம். முடிவு தெரிகிற வரை மாடிக்குத் தட்டு எதுவும் போகக்கூடாது. முடிவு தெரிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கரண்டி ருசி காட்டிவிட்டு மிச்சத்தை ஆய்வாளர் மேற்கொண்டு ஆராய்வார். இந்தக் கடைசி விதியை மட்டும் நான் வெளியே சொல்லவில்லை.



"ரொம்ப நல்ல யோசனை, ஈரஜ் ஜான்" என்றாள்.

அங்கேயே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். வெறும் ஈரஜ் என்றால் உப்பு வாங்கி வர வேண்டும் என்று பொருள். ஈரஜ் ஜான் என்றால், என் உயிரே என்று பொருள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். எனக்கு அவள் ஜான் போட்டாலே முழம் சறுக்கும்.

ஏணியில் ஏறி நான் பறித்தேன். கீழே பிள்ளைகள் போர்வையை விரித்துப் பிடித்தார்கள். எங்கள் மகள் ஆவா, மூன்றாம் மாடிக் கர்னலின் பேத்தி பரஸ்தூ, இன்னும் சில வாண்டுகள். பறித்து முடித்து இறங்கியபோது பர்வானே அவர்களை ஓரமாக உட்கார வைத்து ஏதோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். என்ன ரகசியம் என்றேன். எந்தச் சோதனைக்கும் முன்னால் கருதுகோள் சொல்ல வேண்டுமாம், சொல்கிறார்களாம். கருதுகோளுக்குள்ளே எனக்கு எதிரான கோளும் இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் என் வாழ்க்கையின் பொற்காலம். அலுவலகம் விட்டு வந்ததும் நேராக நிலவறை. ஆப்பிள் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பழத்தையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்ப்பேன். நாளுக்கு நாள் இளகிக்கொண்டே வந்தது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. முழுக்கப் பழுத்தபின் மொத்தமாகத் தின்பதே நாகரிகம் என்று காத்திருந்தேன்.

முடிவு சொல்லும் வெள்ளிக்கிழமை பர்வானே பெற்றோர்களையும் அழைத்திருந்தாள். முற்றத்தில் தேநீருக்குச் சமோவர் கொதித்தது. நான் பெட்டிகளைச் சுமந்து வந்து மேசைமேல் வைத்துத் திறந்தேன். ஒன்றில் கல். மற்றதில் உள்ளே விளக்கேற்றியது போல் ஒளிரும் கனி. கூட்டம் "பஹ், பஹ்" என்று வியந்தது. கர்னல் குனிந்து முகர்ந்து, இப்படிப்பட்ட நிறத்தைத் தன் ஆயுளில் பார்த்ததில்லை என்றார்.

ஒருவர் ஒரு பொருளைப் புகழ்ந்துவிட்டால் அதற்கு உடையவன் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தேன்.

"எடுத்துக்குங்க. உங்க தகுதிக்கு இது ஒண்ணுமே இல்ல."

எந்தப் பயமும் இல்லாமல்தான் சொன்னேன். கர்னல் முதல் மறுப்புக்காக வாயைத் திறந்தார். அதற்குள் அவர் முழங்கைக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"ரொம்ப நன்றி, ஈரஜ் மாமா."

பரஸ்தூ பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். என் சொந்த மகள் மறுபக்கத்தைப் பிடித்தாள். பெட்டி மேசையை விட்டுக் கிளம்பியது.

பெற்றோர் பதறி, வையுங்கள், தப்பு என்றார்கள். அவர்கள் இன்னும் கொஞ்சம் பதறியிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் விருந்தாளி சங்கடப்படும்போது வீட்டுக்காரன் சும்மா நிற்கலாமா? பரவாயில்லை, குழந்தைகள்தானே என்று என் வாய் சொன்னது. பர்வானே பக்கம் பார்த்தேன்.

"அவர் மனசார கொடுக்கறார். மறுத்தா வருத்தப்படுவார்" என்றாள்.

முற்றத்து மூலையில் கரண்டிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பெரியவர்கள் கூச்சத்தில் கால் மாற்றி நின்றார்கள். அவர்கள் கூச்சத்தைத் தீர்க்கக் கல் பெட்டியைச் சுட்டி, இதையும் கொண்டுபோங்கள், வீட்டில் ஆப்பிளோடு வையுங்கள் என்றேன். கர்னல் முறைப்படி மூன்று தடவை மறுத்தார். அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூன்று மறுப்புக்கு எதிரே நாலு வற்புறுத்தல் இல்லாவிட்டால் மனிதனை என்னவென்று நினைப்பார்கள்? நாலாவது தடவை, "நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால" என்று பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் ஆவா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாபா, நான் சொன்ன கருதுகோள்தான் ஜெயிச்சுது."

"ஆப்பிள் வச்சது பழுக்கும்னு சொன்னதா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. பெரியவங்க 'எடுத்துக்கோ'ன்னதும் நெசமாவே எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? அதுதான் எங்க சோதனை. நீங்க பிடுங்கிக்குவீங்கன்னு பரஸ்தூ சொன்னா. சிரிப்பீங்க, ஆனா காது செவக்கும்னேன் நான். செவந்துச்சு."

நான் பர்வானேயைப் பார்த்தேன்.

"ஒருத்தரை மட்டும் வச்சுச் சோதிச்சா முடிவு செல்லாது" என்றாள். "அதனால போன வாரம் கர்னலையும் சோதிச்சோம். பறவை பார்க்கற தன்னோட பைனாகுலரை, 'உனக்கே வச்சுக்கோ'ன்னார். ஆவா எடுத்துக்கிட்டா."

"அவர் என்ன செஞ்சார்?"

"'கீழ வை'ன்னார்."

பட்டாளத்தில் இருந்தவருக்கு இருக்கிற துணிவு நமக்கு வருமா?

பிள்ளை உள்ளே போனாள். உச்சிக்கிளையில் காக்கைகள் தின்றுகொண்டிருந்தன. நான் ஆறிப்போன தேநீருடன் உட்கார்ந்திருந்தேன். பர்வானே சமையலறைக்குப் போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கையில் ஒரு தட்டு. தட்டில் ஒரு கொர்மாலு. பெட்டியிலேயே பெரியது, பிள்ளைகள் கைக்குப் போகாமல் எடுத்து வைத்திருக்கிறாள். என் கட்டைவிரல் அறிந்த பழம்.

"வருஷா வருஷம் கேக்கறேன்" என்றாள். குரலில் கேலி இல்லை. "'எனக்கு வேணும்'னு ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? சொல்லியிருந்தா மரத்தையே கொடுத்திருப்பேன்."

இத்தனை இலையுதிர் காலங்களும், இத்தனை தட்டுகளும் என்னைத் தாண்டிப் படியேறிப் போனது கண்ணில் வந்து போயிற்று. இரண்டே சொல். வாய்க்குள்ளேயே கிடந்து துவர்த்துப்போன இரண்டு சொல்.

அவள் கரண்டியோடு தட்டை நீட்டினாள்.

"இந்தாங்க, ஈரஜ் ஜான். சாப்பிடுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "வேணாம், நீ சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டாள்.