எனக்கும் பால் ஒத்துக்காது

நோயாளிகளைப் பற்றி நான் இங்கே பேசப்போவதில்லை. அவர்கள் பாவம், படுத்திருக்கட்டும். நான் சொல்ல வந்தது பிறருடைய நோயில் பங்கு கேட்கிறவரைப் பற்றி. இடுப்பு வலி என்று அவரிடம் நீங்கள் வாய் திறந்தால் போதும், அந்த வலி உடனே அவருடையதாகிவிடும். அது அவருக்கு எப்போது வந்தது, எந்தக் கிளினிக்கில் என்ன மாத்திரை கொடுத்தார்கள், அதை விழுங்காமல் எப்படித் தூக்கிப் போட்டார், பிறகு வலி எப்படித் தானாகவே ஓடிப்போயிற்று என்பதையெல்லாம் நின்றபடியே கேட்டு முடித்து, நீங்கள் குணமாகி வீடு திரும்ப வேண்டியதுதான். உங்கள் இடுப்பு என்ன ஆயிற்று? அதை யார் கேட்டார்?

கோலா சிலாங்கூரில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வாய்த்தவர் தங்கராஜு அண்ணன். தோட்டத்துச் செம்பனைக் குலைகளை லோரியில் ஆலைக்கு ஓட்டி ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுவார். யாருடைய காராவது நின்றுவிட்டால் கூப்பிடாமலே வந்து தள்ளுவார். இந்த வகையில் கெட்டவர்களைப் பார்ப்பது அபூர்வம். சிக்கலே அதுதான்.

அண்ணனுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் வயிறு பொருமும், கடகடவென்று சத்தம் வரும், அப்புறம் கழிவறைக் கதவைச் சாத்திக்கொள்வார். பாலிலுள்ள சர்க்கரை அவர் குடலில் செரிப்பதில்லை, அவ்வளவுதான். தயிர் அவரை அவ்வளவாகப் படுத்தாது. பால் கலந்து ஆற்றிய தே தாரேக் தேநீர் அரைக் கிளாஸ் என்றால் சமாளிப்பார். முழுக் கிளாஸ் குடிக்க ஆசை வந்தால் வீட்டுக்குப் பக்கத்துக் கடையாகப் பார்த்துக் குடிப்பார். இந்த ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு, பால் சம்பந்தமாக உலகத்தில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

அப்போதுதான் ரவாங்கிலிருந்து ஜெனவீவும் எலியட்டும் அவருக்கு அடுத்த வீட்டில் குடிவந்தார்கள். அவர்களுடைய மகள் கெய்ட்லினுக்கும் பால் ஆகாது. ஆனால் அது வயிற்றோடு நிற்கிற சமாசாரம் இல்லை. பாலிலுள்ள புரதத்தை அந்தப் பிள்ளையின் உடம்பு பகையாளி என்றே எடுத்துக்கொள்ளும். ஒரு வாய் உள்ளே போனால் தோல் தடிக்கும், உதடு வீங்கும், தொண்டை அடைக்கும். அதனால் ஜெனவீவின் கைப்பையில் தொடையில் குத்தும் ஊசி ஒன்று எப்போதும் இருக்கும். குடிவந்த வாரமே வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தாள். நாங்கள் எல்லாரும் பயத்தோடு கேட்டுக்கொண்டோம். அண்ணனும் கேட்டார். எதற்கு? அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் தன் வயிற்றை நுழைப்பதற்கு.

"எனக்கும் பால் ஒத்துக்காதுதாம்மா. நான் என்ன செத்தா போயிட்டேன்? கொஞ்சம் கொஞ்சமா குடுத்துப் பழக்கணும் லா."

"அங்கிள், உங்களுக்கு வயிறு பொருமும். இவளுக்கு மூச்சே நின்னுரும். அது வேற, இது வேற."

அண்ணன் தலையாட்டினார். தலையாட்டுவதற்கும் கேட்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரியாததா?

தீபாவளி வந்தது. அண்ணன் வீட்டில், யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம் என்கிற திறந்த இல்ல உபசரிப்பு. அந்தப் பிள்ளை மட்டும் பாயசம் இல்லாமல் போவதா என்று மனம் உருகிய அண்ணன், பேரங்காடிக்குப் போய், லெக்டோஸ் இல்லாத பால் என்று எழுதியிருந்த பெட்டியை விலை பார்க்காமல் வாங்கி வந்து, மனைவி உஷாராணியை அடுப்பங்கரையிலிருந்து வெளியேற்றி, தன் கையாலேயே சேமியாப் பாயசம் காய்ச்சினார். அந்தப் பாலைக் குடித்தால் அவர் வயிறு பொருமுவதில்லை; ஆகவே யாருக்கும் ஒன்றும் ஆகாது. அந்தப் பெட்டிக்காரர்கள் லெக்டோஸ் என்கிற பால் சர்க்கரையை மட்டும்தான் உடைத்திருந்தார்கள். புரதம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது.

ஜெனவீவ் வேண்டாம் என்றாள். சிரித்துக்கொண்டு ஒரு தடவை, சிரிக்காமல் ஒரு தடவை. அண்ணனின் சொந்தக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல நாளும் அதுவுமாகப் பெரிய மனுசர் கையால் கொடுப்பதைத் தட்டுகிறாளே என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே முணுமுணுத்தாள். எழுந்து போனால் மரியாதைக் குறைவாகுமே என்று ஜெனவீவ் உட்கார்ந்து வடையைத் தின்று முடித்து, கை கழுவப் பின்பக்கம் போனாள். அண்ணன் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரே ஒரு கரண்டி. அவ்வளவு பாசமாக ஊட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

முதலில் இருமல். அப்புறம் உதடு. ஜெனவீவ் ஓடி வந்தபோது பிள்ளையால் அழக்கூட முடியவில்லை. அவள் யாரையும் திட்டவில்லை, கைப்பையைக் கவிழ்த்து ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினாள். எலியட் காரைக் கிளப்பினான். அடுத்த நிமிடம் வாசலில் அவர்களுடைய செருப்புகள் மட்டும் கிடந்தன. என் தட்டிலிருந்த முறுக்கைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். மறுநாள் மாலை வீட்டுக்கும் வந்துவிட்டாள். ஆனால் தீபாவளியன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் அழுத அழுகை நிஜமான அழுகை. ஜெனவீவின் காலில் விழப் போனவரை எலியட்தான் பிடித்து நிறுத்தினான். இனி இந்த மனிதர் மாறிவிடுவார் என்று நானும் நம்பினேன். கார் நிற்கும் இடத்துக்கு வரும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"புள்ளைக்கு மூச்சு அடைச்சப்ப எனக்கும் அப்படியே நெஞ்ச அடைச்சிருச்சுப்பா. எனக்கும் அந்த வியாதிதான் இருக்கும்போல."

இப்போது கடையில் அண்ணன் பால் சேர்க்காத தே ஓ மட்டும்தான் கேட்கிறார். ஏன் என்று கேட்பவரிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டுகிறார். ஜெனவீவ் பிள்ளையை யார் வீட்டுக்கும் அழைத்து வருவதில்லை. எங்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குக்கூட வாசலில் நின்று பரிசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நானும் அவளை உள்ளே வா என்று வற்புறுத்தவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லைதான். இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். அண்ணனின் வயிறு பொருமிய இடத்தைப் படித்தபோது, போன மாதம் ஐஸ்கிரீம் தின்ற பிறகு உங்களுக்கும் என்னவோ செய்ததே என்று நினைப்பு ஓடியதா? ஓடட்டும், தப்பில்லை. கெய்ட்லினுக்குத் தொண்டை அடைத்த இடத்திலும் நீங்கள் அந்த ஐஸ்கிரீமையே நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றால், அடுத்த தீபாவளிக்கு யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் போங்கள், வயிறு முட்டச் சாப்பிடுங்கள். அடுத்தவர் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தயவுசெய்து கரண்டியைத் தொடாதீர்கள்.