ஒத்தைப் புல், ரெட்டைப் புல்

மதிப்புக்குரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி பணிவோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், உங்கள் தம்பி சுகம், அவர் வளர்க்கும் புல் எங்கள் இருவரையும் விடச் சுகம். இந்த மாதக் கடைசியில் உங்கள் வீட்டுக்கு வந்து தங்கலாம் என்று இருக்கிறேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன், படித்துவிட்டு நியாயம் யார் பக்கம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அவரை வளர்த்தது நீங்கள்தான் என்பதையும் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியும் எதிர்வீட்டுக்காரரும் ஒரே ஆராய்ச்சி நிலையத்தில், ஒரே அறையில் வேலை பார்ப்பவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கழிமுகத்து உவர்நிலத்தில் தரையோடு ஓடுகிற ஒரு புல் இருக்கிறது. நுனியில் இரண்டு கதிர் கவட்டை மாதிரி பிரிந்து நிற்கும். ‘ஒரு புல்’ என்று நான் எழுதியதை உங்கள் தம்பி பார்த்தால் இந்தக் கடிதம் தபால்பெட்டிக்குப் போகாது. அவர் கணக்கில் அது இரண்டு, அக்காவும் தங்கையும். அக்கா உப்பைக் கொஞ்சம்தான் தாங்குவாள், தங்கை கடல் தண்ணீரிலேயே குடித்தனம் நடத்துவாள். மற்றபடி நிறம், உயரம், படர்கிற விதம் எல்லாம் அச்சு அசல். வித்தியாசம் எங்கே என்றால், கதிரில் எள்ளளவு மணி, மணியை மூடிய உமி, அந்த உமியின் முதுகில் அக்காவுக்கு மெல்லிய மயிர் உண்டு, தங்கைக்குக் கிடையாது. தன் தலையில் பேருக்கு ஒன்று இல்லாத மனிதர் இதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறார். எதிர்வீட்டுக்காரரோ, “ரெண்டாவது மண்ணாவது, ஒரே புல்லுதான், உப்பு ஏற ஏற முடி கொட்டிப்போகுது” என்கிறார். அலுவலகத்தில் அவருக்கு ‘ஒத்தை’ என்றும் உங்கள் தம்பிக்கு ‘ரெட்டை’ என்றும் பட்டப்பெயர். நான் மிஸஸ் ரெட்டை.

இதை அலுவலகத்தோடு விட்டிருக்கலாம். நிலையத்தில் இடம் இல்லை என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வராந்தாவில் தொட்டி வைத்தார்கள். அக்காவுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றினால் மயிர் கொட்டுகிறதா, தங்கைக்கு நல்ல தண்ணீர் ஊற்றினால் முளைக்கிறதா என்று சோதனை. துணி காயப்போட இடம் போயிற்று, செருப்பு விட இடம் போயிற்று, உப்புத் தண்ணீர் நிறைத்த கேனைக் குடிதண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் வைத்த மகராசன் உங்கள் தம்பி, அதில் காபி போட்டு, வீட்டுக்கு வந்த நிலைய இயக்குநருக்குக் கொடுத்த பாவி நான். அந்த மனுஷர் ஒரு வாய் குடித்துவிட்டு “வித்தியாசமா இருக்கு” என்றார். அந்த வருஷம் பதவி உயர்வு வேறு யாருக்கோ போயிற்று. அதற்கும் என் காபிதான் காரணமாம்.

பிறகு தினமும் காலையில் வராந்தாவில் சத்தம். எழுதக் கூசுகிறது, ஆனால் எழுதாமல் உங்களுக்குப் புரியாது. இவர் “மயிர் இருக்கு!” என்பார். அவர் “ஒரு மயிரும் இல்ல!” என்பார். இரண்டு பேரும் அறிவியல்தான் பேசுகிறார்கள், ஆனால் கீழே இருக்கிற காவலாளிக்கு அது எப்படித் தெரியும்? தடியை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்துவிட்டார். “படிச்சவங்க இப்படியா சார் பேசிக்கிறது? குழந்தைங்க இருக்கிற கட்டடம் சார்” என்றார். உங்கள் தம்பி அவர் கையில் பூதக்கண்ணாடியைத் திணித்து, “நீயே பாத்துச் சொல்லு, இருக்கா இல்லையா?” என்றார். “எனக்கு ஒரு மயிரும் தெரியல சார்” என்றார் காவலாளி. ஒத்தை கைதட்டினார்.

சிரிக்காதீர்கள் அண்ணி. சிரிக்கிற இடம் இதோடு முடிந்தது.

ஒத்தையின் மனைவி எனக்கு யார் என்று உங்களுக்குத் தெரியும். சமையலறை ஜன்னலும் சமையலறை ஜன்னலும் பார்த்துக்கொண்டிருக்கும், பாத்திரம் தேய்க்கும்போது பேச ஆரம்பித்தால் குழாய்த் தண்ணீர் நின்றுபோனதுகூடத் தெரியாது. எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது உங்கள் தம்பி முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார், ஏனென்றால் தங்கை பூத்திருந்தாள், அதை விட்டால் அடுத்த பருவம்தான். ஆஸ்பத்திரியில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அவள். எனக்குத் தலை வாரிவிட்டது அவள்.

ஒருநாள் வெயிலில் ஒரு தொட்டி வாடிக் கிடந்தது. பாவமே என்று ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றினேன். அது ஒத்தையின் உப்புத் தொட்டியாம். சோதனையைக் கெடுக்க உங்கள் தம்பி ஏவிவிட்ட வேலை என்று அவர் குதித்தார். அன்று சாயங்காலம் அவள் ஜன்னலுக்கு வந்து, “ஏன்க்கா, உங்க வீட்டுக்காரர் சொன்னா எது வேணா செய்வீங்களா?” என்றாள். ‘இல்லைம்மா, வாடியிருந்தது’ என்று சொல்லியிருந்தால் போதும். நானோ, “உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலன்னா கண்ணாடி வாங்கிக் குடு” என்றேன். “கண்ணு தெரிஞ்ச உங்க வீட்டுக்காரருதானே ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பாக்கல? நான்தானே உக்காந்திருந்தேன்?” என்றாள். நான் சொன்னேன் அண்ணி, என் வாயால் சொன்னேன்: “உன்னை யாரு உக்காரச் சொன்னா?”

அவள் ஜன்னலைச் சாத்தினாள். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

சென்ற வாரம் வெளியிலிருந்து ஒரு நிபுணர் அம்மாவைத் தீர்ப்புச் சொல்ல அழைத்தார்கள். அந்த அம்மா தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்த்தார். ஒரு கொடியைப் பிடித்துத் தூக்கினார். அது ஒரு தொட்டியில் கிளம்பி, அடுத்த தொட்டியில் வேர் விட்டு, அதற்கடுத்ததில் குடியேறியிருந்தது. “எல்லாத் தொட்டியிலயும் எல்லாமும் இருக்கு. இது சோதனையே இல்ல, மாட்டுக்குப் போடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போய்விட்டார்.

அவ்வளவுதான், ஒத்தையும் ரெட்டையும் ஒன்றாகிவிட்டார்கள். “இந்தம்மாவுக்குப் புல்லப் பத்தி என்ன தெரியும்?” என்று இவர் கேட்க, “அதானே!” என்று அவர் சொல்ல, தோள்மேல் கை போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போனார்கள். இப்போது சேர்ந்தே புதுத் தொட்டி வாங்குகிறார்கள். அவர்களுக்காகச் சண்டை போட்ட நாங்கள் இரண்டு பேரும் சாத்திய ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்திரம் தேய்க்கிறோம். “அவகிட்ட நீ ஏன் பேசறதில்ல?” என்று உங்கள் தம்பி நேற்று என்னைக் கேட்டார். ஒன்றும் அறியாத பச்சைக்குழந்தை மாதிரி கேட்டார்.

அதனால்தான் வருகிறேன். உங்கள் பின்கட்டு அறையை மட்டும் ஒழித்து வையுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. உங்கள் தம்பிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, நீங்கள் ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கதவு தட்டும் சத்தம். அவள்தான். உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் நன்றாக அழுதோம். காபி கொடுத்தேன், நல்ல தண்ணீர்க் காபி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எல்லாம் ஒரே புல்லுதானேக்கா, இதுக்குப் போயி நாம…” என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். “ஒரே புல்லு இல்லம்மா” என்றேன். “ஒண்ணுதான்க்கா.” “ரெண்டு. நானே கண்ணாடி வெச்சுப் பாத்தேன், மயிர் இருக்கு.” காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அறையை ஒழிக்க வேண்டாம் அண்ணி, நான் வரவில்லை. புதுத் தொட்டிகளில் கொடி தாண்டாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், இந்த ஆண்களை நம்ப முடியாது.